கொலைக்குப் பாட்டா பொறுப்பு?

2012-இன் தொடக்கத்தில், சிக்காகோவின் தெற்குப் பகுதியில், துப்பாக்கி வழக்கில் சிக்கிய 16 வயதுப் பையன் ஒருவன் பாட்டி வீட்டில் வீட்டுக்காவலில் இருந்தான். வெளியே போக முடியாததால் கூட்டாளிகளை உள்ளே வரவழைத்து, அங்கேயே ஒரு ராப் பாட்டுக்கு வீடியோ எடுத்தான். பாட்டு ‘ஐ டோன்ட் லைக்’. பையன் சீஃப் கீஃப். யூடியூபில் அது காட்டுத்தீயாகப் பரவியது. கான்யே வெஸ்ட் ரீமிக்ஸ் செய்தார். இன்டர்ஸ்கோப் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அந்த ஒரு பாட்டு கிளப்பிய பரபரப்பின் மேல்தான் டிசம்பர் 18 அன்று ‘ஃபைனலி ரிச்’ ஆல்பம் வந்து இறங்கியது. ட்ரில் என்ற இந்த ராப் வகையை உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

அதே ஆண்டு அந்த நகரில் 500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பாட்டுதான் காரணம் என்று பலரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. 1974-இல் அதே சிக்காகோவில் 970 கொலைகள் நடந்தன. அப்போது ட்ரில் பிறக்கவில்லை. ராப் இசைத்தட்டு என்று ஒன்று கடைக்கே வந்திருக்கவில்லை.

ட்ரில் பாட்டுகள் யோக்கியமானவை என்று நான் வாதாட வரவில்லை. துப்பாக்கியைக் கொண்டாடுகின்றன, எதிர்க்கூட்டத்தைப் பெயர் சொல்லிச் சீண்டுகின்றன. அந்தச் சீண்டல் தெருச் சண்டையாக மாறியதும் உண்டு. ஆனால் சண்டை பிணமாக மாற வேண்டுமானால் கையில் துப்பாக்கி வேண்டும். அதை அந்தப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி விற்றது யார் என்ற கேள்வியை, பாட்டின் மேல் பழி போட்ட அன்றே நாம் மூடிவிடுகிறோம்.

2012 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். பிட்ச்ஃபோர்க் என்ற இசை ஊடகம் சீஃப் கீஃபைப் பேட்டி கண்டது. இடம், நியூயார்க்கில் ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம். துப்பாக்கி வழக்கில் நீதிமன்றக் கண்காணிப்பில் இருக்கும் சிறுவன், கேமரா முன்னால், கையில் துப்பாக்கியோடு! பின்னர் அந்த ஊடகம் வீடியோவை நீக்கிவிட்டது. கண்காணிப்பு விதியை மீறினான் என்று 2013 ஜனவரியில் நீதிபதி பையனுக்கு 60 நாள் காவல் விதித்தார். காட்சியை ஏற்பாடு செய்த பெரியவர்கள் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. இந்த ஒழுக்கக் கணக்கை எந்த நியாயத்தில் ஏற்பது?

2015 ஜூலையில் இன்னொன்று. கொலையுண்ட ஒரு ராப் பாடகனுக்காகவும், கொலையாளிகள் தப்பி ஓடிய கார் மோதி இறந்த குழந்தைக்காகவும் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சி. இலினாய் மாநிலத்தில் பிடியாணை இருந்ததால், சீஃப் கீஃப் கலிஃபோர்னியாவிலிருந்து ஹாலோகிராமாகத் தோன்ற ஏற்பாடு. மேயர் ராம் இமானுவேலின் அலுவலகம் எதிர்த்ததால் சிக்காகோவில் நடத்த முடியவில்லை. பக்கத்து இண்டியானாவின் ஹாமண்ட் நகரில் அந்த உருவம் தோன்றி, கொலைகளை நிறுத்தச் சொல்லி, ஒரே ஒரு பாட்டுப் பாடியதும் போலீஸ் நிகழ்ச்சியை நிறுத்தியது. வெறும் ஒளியைக் கண்டு ஓர் அரசாங்கம் பயந்தது. அதே மேயரின் நிர்வாகம்தான் 2013-இல் ஏறத்தாழ 50 அரசுப் பள்ளிகளை மூடியது. இடம்பெயர்ந்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். பள்ளியை மூடுவது நிர்வாகமாம், பாடுவது ஆபத்தாம்!

இந்தப் பயத்துக்கு நிறமும் உண்டு. 1996-இல் வெளியான கேரி ஃப்ரீடின் ஆய்வில், வன்முறை பேசும் ஒரே பாடல் வரிகளைச் சிலரிடம் நாட்டுப்புறப் பாட்டு என்றும், சிலரிடம் ராப் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். ராப் என்று கேட்டவர்கள் அதை அதிக ஆபத்தானதாக மதிப்பிட்டார்கள். பாடியவன் கறுப்பன் என்று காட்டியபோதும் அதே விளைவு. வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஒருவன் சுட்டிருந்தால் சாட்சியம் வைத்துத் தண்டியுங்கள். அதில் எனக்கு இரக்கமில்லை. பாடியதற்காகத் தண்டிக்கக் கிளம்பினால், அந்தப் பாட்டை விற்றுச் சம்பாதித்தவர்களையும், வீட்டில் பத்திரமாக உட்கார்ந்து ரசித்த நம்மையும் சேர்த்தே கூண்டில் ஏற்ற வேண்டும். அடுத்த முறை யாராவது பாட்டுதான் பையன்களைக் கெடுத்தது என்று சொன்னால், 1974-இல் எந்தப் பாட்டு கெடுத்தது என்று கேளுங்கள்.