அட்டை போட்ட நோட்டும் அப்பரின் உழவாரமும்

பொதுத்தேர்வு நெருங்கினால் எங்கள் மணவூர்ப் பிள்ளைகளுக்கும் தணிகை முருகனுக்கும் ஒரு பேரம் நடக்கும். பாஸானால் மலையின் 365 படிக்கும் மஞ்சள் குங்குமம். வருஷத்தின் நாளுக்கொரு படி என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. என்னிடம் டியூஷன் படிக்கும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கேட்டாள்: "டீச்சர், தெனம் படிச்சா சாமி எதுக்கு? சாமி பாத்துக்கும்னா தெனம் படிக்கிறது எதுக்கு?"

வைணவர்களில் வடகலையும் தென்கலையும் வாதாடியது ஏறக்குறைய இதைத்தான். பக்தன் தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா?

கேட்டவள் சந்தேகமில்லாமல் குரங்குக்குட்டிக் கட்சி. எல்லா நோட்டுக்கும் பிரவுன் அட்டை, லேபிள். ரஃப் நோட்டு தனி. மறுநாள் டைம்டேபிள் பார்த்து ராத்திரியே பையை அடுக்கிவிடுவாள். அவளோடு படிக்கும் ஒரு பையன் நேர் எதிர். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதயத்தின் படம் இருக்கும். நோட்டுக்குள் நாலாக மடித்த ஜெராக்ஸ் தாள், யாருடையது என்று அவனுக்கே தெரியாது. படிக்க உட்கார்ந்தால் முதல் கால்மணி தேடலிலேயே போய்விடும்.

ஒழுங்குக்கும் மார்க்குக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. ஆர்தர் போரோபாட் என்ற ஆய்வாளர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியிட்டார். பொறுப்பும் ஒழுங்குமான சுபாவத்துக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் அவர் கண்ட தொடர்பு 0.22 அளவு. அதாவது மார்க் வித்தியாசத்தில் சுமார் ஐந்து சதவீதம்தான் இதனால் விளங்கும். பேரம் பேச அது போதாது.

எனக்குச் சைவ சித்தாந்தத்தின் வழி பிடித்திருக்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நாலில் முதல்படி சரியை: கோயில் கூட்டுவது, பூப்பறிப்பது, விளக்கேற்றுவது. அதற்கு அடையாளம் அப்பர். எங்களுக்கு அடுத்த ஸ்டேஷனான திருவாலங்காட்டையும் பாடியவர். எவ்வளவு பாடினாலும் புல் செதுக்கக் கையில் வைத்திருந்த உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தனவாம். கல்லோடு கல்லாக அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். செதுக்க வேண்டியதைச் செதுக்கினார், அவ்வளவுதான். பையை அடுக்குவதும் சரியைதான் என்பேன். அடுக்குகிற அந்த ஐந்து நிமிஷம் மனசு ஓரிடத்தில் நிற்கிறதே, அது மார்க் வந்தாலும் வராவிட்டாலும் கிடைத்துவிட்டது.

ஆனால் பையனை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. அவன் வீடு ஒரே அறை. தங்கை கிழித்தது போக மிச்சம்தான் நோட்டு. அப்பருக்குச் செதுக்க ஒரு பிராகாரமாவது இருந்தது. அலமாரி இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் ஒழுங்கைத் தர்மமாகப் போதிப்பதும், அவன் மார்க்கைத் தலையெழுத்து என்று முடித்துவிடுவதும் பாவம் என்றே நினைக்கிறேன். என் திண்ணையில் ஒரு தக்காளிப் பெட்டியை அவனுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். புத்தகங்கள் இப்போது அதில் நிற்கின்றன. ஜெராக்ஸ் தாள் இன்னும் மடங்கியேதான் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் வேண்டுதலை விடச் சொல்லவில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே போய்ப் படிக்குக் குங்குமம் வைத்துவிட்டு வா என்றேன். அவளுக்குச் சம்மதம். அவள் அம்மாதான் மறுத்துவிட்டாள்: "அதெப்படி டீச்சர், மொதல்ல அவரு பாஸ் போடட்டும்."