மரத்தை விட்டு இறங்குவோம்



எரிகோ நகரில் சக்கேயு என்னும் குள்ளமான மனிதன் இயேசுவைக் காண அத்திமரத்தில் ஏறினான். இன்று தெல்தெனிய மலைச்சரிவுகளில் நம்மவர்களும் ஏறுகிறார்கள். மரத்தில் அல்ல, சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும்! கத்தாரில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்க்க அம்மா கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறாள். மகனுக்குத் தெரிவதோ அம்மாவின் நெற்றியும் வீட்டுக் கூரையும் மட்டுமே!

மரண அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வருகிறது. அவசரத்தில் ஒருவர் உயர்த்திய கட்டைவிரலைப் பதிலாக அனுப்பிவிடுகிறார். எழுந்தேற்றத்தின் மௌனத்தில் யாரோ ஒருவரின் பையிலிருந்து சினிமாப் பாட்டு எழுகிறது. பதற்றத்தில் அமர்த்தப்போக, சத்தம் இன்னும் கூடுகிறது. குருவானவர் இதயங்களைத்தான் உயர்த்தச் சொல்கிறார், கைத்தொலைபேசிகளை அல்ல என்று காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2017 நவம்பர் 8ஆம் திகதி வருந்திக் கூறினார். அந்தக் கண்டிப்புக்குக் குருக்களும் ஆயர்களும்கூடத் தப்பவில்லை.

இவை சிரித்துவிட்டு மறக்கக்கூடியவை. ஆனால் 2018 மார்ச்சில் தெல்தெனியவிலும் திகனவிலும் நடந்ததை அப்படி மறக்கமுடியுமா? தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் இறந்ததை அடுத்து, முஸ்லிம் சகோதரர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மகனின் முகத்தைக் காட்டத் தயங்கும் அதே சிக்னல், வெறுப்பைச் சுமந்து நொடியில் ஊரெங்கும் பாய்ந்தது. அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. முகநூலும் வாட்ஸ்அப்பும் சுமார் ஒரு வாரம் முடக்கப்பட்டன. நாவைக் காட்டை எரிக்கும் சிறு நெருப்புக்கு ஒப்பிட்டார் புனித யாக்கோபு. இன்று அந்த நெருப்பு விரல் நுனியில் இருக்கிறது.

தன் தளம் அவ்வாறு தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. பார்த்ததை விசாரியாமல் பகிர்ந்த விரல்கள் கேட்டனவா?

சக்கேயுவை மரத்திலேயே இருக்கவிட்டு இயேசு பேசிக்கொண்டிருக்கவில்லை. அவனை இறங்கச் சொன்னார். அவன் வீட்டுக்கே சென்றார். அவனும் வாயால் மட்டும் மனம் வருந்தவில்லை. யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். பொய்ச் செய்தியைப் பகிர்ந்தவருக்கும் இதுவே பரிகாரம். நாம் அனுப்பிய அத்தனை பேருக்கும், அது பொய் என்று நாமே அறிவிக்கவேண்டும்.

ஆகவே அன்பர்களே, அயலவரைப் பற்றி ஒரு செய்தி வந்தால், அதை அனுப்புமுன் அவர் வாசலுக்குச் சென்று கேளுங்கள். மரண வீட்டுக்குக் கட்டைவிரலை அனுப்பாமல் காலால் நடந்து செல்லுங்கள். மாலைச் செபமாலை வேளையில் வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள் எல்லாம் மௌனமாகட்டும்.

இறங்குவோம். நம் வீட்டில் தங்க ஆண்டவர் காத்திருக்கிறார்.