முள்ளை எடுத்த முள்

கிள்ளானில் எங்கள் சமய வகுப்புக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன், சென்ற மாதம் உதடு வீங்கி வந்து நின்றான். பள்ளிக்கு வெளியே மூன்று பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். "போலீஸெல்லாம் வேண்டாம் அண்ணா. நம்ம பசங்க பத்துப் பேர் ரெடி. முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. நம் முன்னோர் சொன்ன பழமொழியாயிற்றே! வடமொழியிலும் 'கண்டகேனைவ கண்டகம்' என்று இதையே சொல்கிறார்கள். சுவீடன் நாட்டினர்கூட 'கடினத்துக்கு எதிரே கடினம்' என்கிறார்கள். ஊர் எதுவானாலும் அடிபட்டவன் மனம் ஒன்றுதான்.

ஆனால், என் பாட்டி முள் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் தாத்தாவுக்கு முள் ஏறிவிட்டால், அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு முள்ளால் மெல்ல நெம்பி எடுப்பார் பாட்டி. கை கொஞ்சம் அவசரப்பட்டால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும். கால் சீழ் பிடிக்கும்.

யோசித்துப் பாருங்கள் இளைஞர்களே! அந்த இரண்டாவது முள் யாரையும் பழிவாங்க வரவில்லை. நம் காலைக் காப்பாற்ற வந்தது. பழமொழி 'எடு' என்கிறது. 'குத்து' என்று சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமத்தின் முன் சுவாமிஜியின் சிலை நிற்கிறது. அவருடைய குரு ஸ்ரீ ராமகிருஷ்ணர் இதே உவமையை ஒரு படி மேலே கொண்டுபோனார். அறியாமை என்ற முள்ளை அறிவு என்ற முள்ளால் எடுத்த பின், இரண்டையும் எறிந்துவிட வேண்டும் என்றார். அறிவையே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாதென்றால், ஆத்திரத்தை எத்தனை நாள் பிடித்திருப்பது?

அதற்காக, அடி வாங்கிக்கொண்டு சும்மா இரு என்று நான் சொல்லவில்லை. அன்றே அவன் அப்பாவோடு போய் போலீஸில் புகார் கொடுத்தோம். கட்டொழுங்கு ஆசிரியரையும் பார்த்தோம். அதுவும் முள்தான், வேலை முடிந்ததும் கீழே போட்டுவிடக்கூடிய முள்.

"இது போதுமாண்ணா?" என்று கேட்டான்.

"போதாதுன்னுதான் இப்ப தோணும் தம்பி. ஆனா, அந்தப் பத்துப் பேரையும் இறக்கிட்டா, அப்புறம் யாரு அவங்களைத் திருப்பி அனுப்புறது?"

அவன் பேசவில்லை. எடுத்த பிறகு எறிய முடியாத முள்ளைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது.