கொலைக்கு ராஜி இல்லை

நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவதூறு, சில்லறை அடிதடி வழக்குகளில் இரு தரப்பும் ராஜியானால் வழக்குக் கட்டை மூடிவிடலாம். கொலைக்கு ராஜி கிடையாது. செத்தவரின் மனைவியே மன்னித்தாலும் வழக்கு நடக்கும்.

1999 ஜனவரி 22 இரவு, ஒரிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸையும், அவருடைய மகன்களான 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டு, பாரிபாடாவில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். கும்பலின் தலைவன் தாரா சிங்குக்கு 2003-இல் மரண தண்டனை. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதிசெய்தது.

"மன்னிச்சாச்சே, அப்புறம் தண்டனை எதுக்கு அண்ணே?" என்று சபையில் கேட்கிறார்கள். பவுல் ரோமர் 12-இல் பழிவாங்குவதைக் கடவுளிடம் விடச் சொன்ன கையோடு, பசித்த பகைவனுக்குச் சோறு போடவும் சொல்கிறார். தீர்ப்பு நம் கையை விட்டுப் போனால்தான் அந்தக் கை சோறு பரிமாறும்.

சரி, கடவுளே மன்னித்தால்? லூக்கா 23-இல் மனந்திரும்பிய கள்ளனுக்கு இயேசு பரதீசை வாக்களிக்கிறார். ஆனால் அவனைச் சிலுவையிலிருந்து இறக்கவில்லை. தண்டனையும் நிலைத்தது, இரக்கமும் கிடைத்தது. அப்படியானால் மனந்திரும்பும் தாரா சிங்குக்கும் பரதீசில் இடம் உண்டா? உண்டு என்றுதான் என் விசுவாசம் சொல்கிறது. அந்தப் பிள்ளைகளின் வயதை நினைத்தால் கசக்கிறது. ஆனாலும் மாற்றிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.