சுவரில் அறைந்த அலமாரி

ஸ்ரீ கெம்பாங்கானில் புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், தச்சர் அளவுநாடாவோடு வந்து நிற்பார். படுக்கையறையில் கூரைவரை சுவரோடு சேர்த்து அலமாரி அடிப்பதா, கடையில் வாங்கி நிறுத்துவதா? அடித்தால் மூலை வீணாகாது, மேலே தூசி அடையாது. ஆனால் வெளிச்சுவரை ஒட்டி அடித்தால் நம்ம ஊர் ஈரத்துக்குப் பின்பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். கரையான் வந்தாலும் சீக்கிரம் தெரியாது. இதெல்லாம் தச்சரே சொல்லிவிடுவார். அறைந்த பிறகு அது யாருடையது என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், மண்ணோடு ஒட்டியதையும் அதன்மேல் நிரந்தரமாகப் பொருத்தியதையும் நிலம் என்றே கணக்கில் வைக்கிறது. 1872-ல் இங்கிலாந்தில் ஹாலண்ட் எதிர் ஹோட்ஜ்சன் வழக்கில், ஆலைத் தரையில் ஆணியடித்த தறிகள் ஆலையை அடமானம் பிடித்தவருக்கே போயின. நீதிபதி பிளாக்பர்ன் அங்கே ஓர் உதாரணம் சொன்னார். சாந்து இல்லாமல் கற்களை அடுக்கிக் கட்டிய சுவரும் நிலத்தின் பகுதிதான். அதே கற்களை வியாபாரி தன் முற்றத்தில் சுவர்போல அடுக்கி வைத்தால் அது வெறும் சரக்கு. எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தினாய் என்பதோடு, எதற்காகப் பொருத்தினாய் என்றும் சட்டம் கேட்கிறது. மலாய் வழக்கத்திலோ தூண்மேல் நிற்கும் மரவீடே அசையும் சொத்து. 1953-ல் நீதிமன்றமும் அதை ஏற்றது.

நம்மவர்களிடம் இருந்தது தகரப் பெட்டி. லயத்து வீட்டுச் சுவர் தோட்ட நிர்வாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போச்சு, அப்புறம் எதை எங்கே அறைவது? பக்கத்தில் புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். ஸ்ரீ கெம்பாங்கானும் அப்படி ஏற்றி இறக்கப்பட்டவர்களின் ஊர்தான். 1950-ல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த செர்டாங் புதுக்கிராமம்தான் இது.

“நகர்த்துற மாதிரி வாங்குடா, நாளைக்கு என்ன ஆகுமோ” என்று பெரியவர்கள் சொல்வதைக் கஞ்சத்தனம் என்று நினைக்க என்னால் முடியவில்லை. அது பட்டவர்களின் அறிவு. வாடகைக்கு இருப்பவருக்கு இன்றும் அதுதான் சரி. முப்பது வருடக் கடனில் சொந்த வீடு வாங்கியவரும் எந்நேரமும் லோரி ஏறத் தயாராகவே வாழணுமா? அறையட்டும் என்பேன். ஆனால் பிறகு வரும் யாரோ ஒருவருக்கும் சேர்த்தே அறைகிறோம் என்று தெரிந்து அறையணும்.

வீட்டை விற்கும்போது கதவு, இழுப்பறை, கைப்பிடிவரை கழற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வாங்கியவருக்கு மிஞ்சுவது சுவர் முழுக்க ஓட்டை. கழற்றிய கதவுகளும் புது வீட்டில் ஒன்றுக்கும் ஆவதில்லை. அந்தக் கூரை இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கும்.