‘அவங்க ஆளுங்க பார்த்துப்பாங்க’

1960 ஏப்ரல் முதல் தேதி, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் எல்லைப் போராட்டக்காரர்களும் சிறை சென்று பெற்ற வெற்றி அது. அதனால் திருத்தணியில் தெலுங்கு பேசிய ஒருவரும் அந்நியராகிவிடவில்லை. வீடு, நிலம், ஓட்டு எல்லாம் அவரவருக்கு அப்படியே இருந்தன. மியான்மரின் ராக்கைன் பகுதியிலோ எல்லை நகரவே இல்லை; ஆனாலும் 1982-இல் வந்த குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியா முஸ்லிம்களை நின்ற இடத்திலேயே நாடற்றவர்களாக்கியது.

தப்பி வந்தவர்களில் சில குடும்பங்கள் 2012 முதல் சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடமொன்றில் தங்கியிருக்கின்றன. பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி எடைக்குப் போட்டே பலருக்கும் பிழைப்பு. முஸ்லிம் அமைப்புகள் இவர்களுக்கு உதவி வருகின்றன. தன் மதத்தவரை முதலில் கவனிப்பது பாரபட்சம் ஆகாதா?

ஆகாது. திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி முகாமும் இருக்கிறது. அங்குள்ள இலங்கைத் தமிழருக்கு நாம் இரங்குவது அவர்கள் தமிழர் என்பதாலும்தானே? 1984-இல் ஈழத் தமிழரான சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அகதிகளே அகதிகளுக்காக நடத்தினார்கள். அதை யாரும் குறை சொன்னதில்லை. புது ஊரில் ஒரு பெண் தன் நோவை டாக்டரிடம் சொல்ல, அவள் பாஷை தெரிந்த, அவள் கூச்சம் புரிந்த ஒருத்தி பக்கத்தில் வேண்டும். அந்த நெருக்கம் உறவால் வருவது. உத்தரவு போட்டு வராது. அமெரிக்காவின் டியர்பார்னில் 1971-இல் அரபுக் குடியேறிகளுக்காகத் தொடங்கிய ‘ஆக்சஸ்’ அமைப்பு இன்று எந்த இனத்தவர் வந்தாலும் கவனிக்கிறது. கொரோனா காலத்தில் த.மு.மு.க. என்ற முஸ்லிம் அமைப்பின் தொண்டர்கள் இந்துக்களின் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். தன் ஆட்களிடம் பழகிய கை மற்றவருக்கும் நீளும்.

உதவி பெறுபவரிடம் நன்றியாகக்கூட எதையும் எதிர்பார்க்கக் கூடாது; தொழுகைக்கு வந்தாரா என்று பார்த்து அரிசி அளக்கக் கூடாது. அமைப்புகளுக்கு இருக்கும் கட்டுப்பாடு அவ்வளவே. பெரிய பிழை வெளியே இருக்கிற நம்முடையது. ‘அவங்க ஆளுங்க பார்த்துப்பாங்க’ என்று சொல்லிவிட்டு நல்லவர்களும் நிம்மதியாக நகர்கிறார்கள். ஜமாத் அரிசி கொடுக்கலாம், ஆம்புலன்ஸ் அனுப்பலாம். சட்டப்படி வேலை செய்யும் உரிமையை அதனால் தர முடியாது. 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ரோஹிங்கியாக்களுக்கும் இடமில்லை, ஈழத் தமிழருக்கும் இடமில்லை.

ஆனாலும் குடியுரிமை இல்லாதவருக்கு மாநில அரசு எதுவும் செய்ய முடியாது என்பது உண்மையல்ல. 2021-இல் தமிழக அரசு இலங்கைத் தமிழர் அகதி முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்றாக்கி, 317 கோடி ரூபாய்த் திட்டமும் ஆயிரக்கணக்கில் புது வீடுகளும் அறிவித்தது. நியாயமான செயல். அந்த நியாயத்தில் ஒரு பங்கு ரோஹிங்கியாக் குடும்பங்களுக்கும் வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. எல்லை மாறியும் எதையும் இழக்காத ஊர்க்காரர்களும் கேட்கலாம்.