தொகுப்பவரின் கடன்

எதைச் சேர்ப்பது, எதை விடுவது, சேர்த்ததற்கு என்ன பெயரிடுவது ஆகிய மூன்றையும் தொகுப்பவரே தீர்மானிக்கிறார். அந்த வகையில் தொகுப்பும் ஒரு சிறிய அதிகாரமே. கவிதைத் தொகுப்புக்குப் பொருந்தும் இக்கூற்று இசைத் தொகுப்புக்கும் பொருந்தும்.

கணினியில் தாளம் கோத்து, நெஞ்சுக்கூட்டையே அதிர வைக்கும் தாழ்ந்த ஒலியை முதன்மைப்படுத்தும் இசையை இன்று 'பேஸ்' இசை என்கின்றனர். பெருநகரங்களின் வறிய குடியிருப்புகளில் இதன் பல கிளைகள் முளைத்தன. அவற்றை வெளியுலகுக்குக் காட்டியவை பெரும்பாலும் பலரது ஆக்கங்களைச் சேர்த்த தொகுப்புகளே. இரண்டை இங்கு குறிப்பிடலாம். லிஸ்பன் நகரின் புறப்பகுதிகளில் வாழ்ந்த ஆபிரிக்க வம்சாவளி இளைஞர் சிலர், தமது ஆக்கங்களைத் தாமே தொகுத்து 2006இல் 'டிஜேஸ் டு கெட்டோ' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டனர். பெயரும் அவர்கள் இட்டதே. சிக்காகோ கறுப்பின இளைஞர்கள் நடனப் போட்டிகளுக்காக உருவாக்கிய 'ஃபுட்வேர்க்' இசையையோ, 2010இல் 'பேங்ஸ் அன்ட் வேர்க்ஸ்' என்று தொகுத்தது 'பிளனெட் மியூ' என்ற இங்கிலாந்து நிறுவனம். அத்தொகுப்பு அவ்விசைக்குப் பிற நாடுகளிலும் கேட்போரைத் தேடித் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனவே உள்ளவர் தொகுத்தால் நன்று, வெளியார் தொகுத்தால் தீது என்று எளிதாகத் தீர்ப்பளிக்க முடியாது.

இந்த வினா நமது கரைக்கும் உரியது. அந்த லிஸ்பன் இளைஞரின் பெற்றோர் அங்கோலா, சாவோ தோமே முதலிய முன்னாள் போர்த்துக்கேயக் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அதே போர்த்துக்கேயரும், பின்னர் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் ஆபிரிக்கர்களை இலங்கைக்கும் கொண்டுவந்தனர். பிரித்தானியப் படையில் சேவையாற்றியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்கின்றனர். அவர்களது 'மஞ்ஞா' பாடல்கள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்தவை. பாடும் இளையோருக்கு அம்மொழி பேச்சு வழக்கில் இல்லை. றபானும் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் அவர்களது வாத்தியங்கள். நாடு முழுவதும் ஆடப்படும் பைலாவின் வேர்களுள் ஒன்று அவர்களது இசை. லிஸ்பன் இளைஞருக்குத் தம்மைத் தாமே தொகுத்துக்கொள்ளும் வாய்ப்புக் கிட்டியது. சிரம்பியடி மக்களின் பாடல்களையோ ஆய்வாளரும் வருகையாளரும் பதிவுசெய்து சென்றிருக்கின்றனர்.

நாளை ஒருவர் அப்பாடல்களை இறுவட்டாகத் தொகுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் அம்மக்களை எப்படி அழைப்பார்? 'காப்பிரி' என்ற சொல் 'காஃபிர்' என்னும் அறபுச் சொல்லிலிருந்து வந்தது. நிராகரிப்பாளரைக் குறித்த அச்சொல்லை ஐரோப்பியர் வாங்கி ஆபிரிக்கர்மீது சுமத்தினர். அது தென்னாபிரிக்காவில் கொடிய வசைச்சொல்; இங்கோ அம்மக்கள் தம்மைக் குறிக்கவும் வழங்கும் சொல். இச்சொல்லை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று முடிவு செய்யும் உரிமை, சொல்லுக்குரியவர்களைத் தவிர வேறு யாருக்கு இருக்க முடியும்?

தொகுப்பவர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. புத்தளத்து உப்பளங்களை நாம் அறிவோம். கடல்நீர் எல்லோருக்கும் பொது. பாத்தி கட்டி, வெயிலில் நின்று பாடுபட்டவருக்கே உப்பு உரியது. பாட்டும் பொதுவானது, பதிவுசெய்து காத்த உழைப்பு என்னுடையது என்று அவர் வாதிடலாம். ஆனால் பாட்டு கடல்நீர் அல்ல. தலைமுறை தலைமுறையாக யாரோ பாடுபட்டு விளைவித்த உப்பு அது. தொகுப்பவர் அதை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுசெல்பவர். அவருக்கும் கூலி உண்டு. ஆனால் விளைச்சல் அவருடையதாகிவிடாது.

குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாத புலவர் ஒருவர், தமது பாட்டின் தொடராலேயே 'செம்புலப்பெயனீரார்' என்று பெயர் பெற்றிருக்கிறார். பெயர் தெரியாத இடத்திலும் பாட்டை அநாதையாக விடக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. இறந்தோரிடம் அனுமதி பெற வழியில்லாத தொகுப்பாளரிடமே இத்தனை பொறுப்பு எதிர்பார்க்கப்படுமாயின், பாடியவர் கண்ணெதிரே இருக்கையில் 'நாட்டார் பாடல், பாடியவர் பெயர் தெரியாது' என்று அச்சிடுவதை எப்படி ஏற்பது?

அனுமதிக்காகக் காத்திருந்தால் பாடல்கள் அழிந்துவிடும் என்ற அச்சம் பொய்யானதல்ல. மொழி அறிந்த மூத்தோர் என்றென்றும் இருக்கப்போவதில்லை. எனினும் அவசரம் பதிவுசெய்யத்தான் காரணமாகலாம். வெளியிடவும் விற்கவும் அது காரணமாகாது. பதிவின் ஒரு பிரதியை அவர்களிடமே ஒப்படைத்து, எதை உலகம் கேட்கலாம் என்ற முடிவை அவர்களுக்கு விட்டுவிடுவது பெரிய சிரமமும் அல்ல.

செவிமடுப்பதையும் வினவுவதையும் தமிழில் 'கேட்டல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம். ஒலிவாங்கியோடு வருபவர் முதலாவதைச் செய்கிறார். இரண்டாவதையும் செய்தால்தான் அவர் முழுமையாகக் கேட்டவராவார். அவ்வாறு கேட்கையில் 'வேண்டாம்' என்ற பதில் வந்தால், ஒலிப்பதிவுக் கருவியை மூடிவைக்கவும் அவர் ஆயத்தமாக இருக்கவேண்டும்.